ஆர்.சி டிரக்: 4 நிமிடத்தில் ஈ.எஸ்.சி சூடாகி நிற்கிறது, அவசர உதவி

மண்ரோடு
ஞாயிற்றுக்கிழமை பையனை மைதானத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டேன், அதற்குள் சரிசெய்தாக வேண்டும். 1/10 அளவு ரிமோட் கண்ட்ரோல் டிரக். மூன்று நான்கு நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஈ.எஸ்.சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பெட்டி) தொடவே முடியாத சூடு. பத்து நிமிடம் ஆறவிட்டால் ஓடும், திரும்பவும் நிற்கும். போன மாதம் வரை ஒரு தொல்லையும் இல்லை. ஈ.எஸ்.சி போய்விட்டதா? புதிதாக வாங்கிவிடட்டுமா?

கியர்பாக்ஸ்
என்ன மோட்டார், என்ன பேட்டரி, பினியனில் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) எத்தனை பல்? தரையா, புல்லா?

செம்புக்கம்பி
வாங்க வேண்டாம், பொறுங்கள். நிற்கும்போது ஸ்டியரிங் வேலை செய்கிறதா? எல்.இ.டி எப்படி மின்னுகிறது? லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் வோல்டேஜ் இறங்கினாலும் ஈ.எஸ்.சி மோட்டாரை நிறுத்தும், சூடு ஏறினாலும் நிறுத்தும். பல ஈ.எஸ்.சிகளில் இரண்டுக்கும் மின்னும் விதம் வேறு.

மண்ரோடு
பிரஷ்லெஸ், 3300 கேவி. ஈ.எஸ்.சி 60 ஆம்ப். பினியன் 15 பல். ஸ்டியரிங் வேலை செய்கிறது. விளக்கு மின்னுகிறது, எப்படி என்று கவனிக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் ஓட்டுகிறேன், கொஞ்சம் புல் இருக்கும். பேட்டரி புதிது, 5000 எம்.ஏ.எச், அதில் குறை இருக்காது.

கியர்பாக்ஸ்
பினியனும் ஸ்பரும் (பினியன் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம்) நெருக்கமாக மாட்டியிருக்கும். நான் பார்த்த சூட்டுப் பிரச்சினையில் பாதிக்கு மேல் இதுதான். மோட்டார் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு துண்டுத் தாளை இரண்டு பல்லுக்கும் நடுவில் விட்டு மோட்டாரை ஒட்டித் தள்ளி இறுக்குங்கள். அப்புறம் சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். அந்த இடைவெளி போதும். அப்படியே நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று இறுகியிருந்தாலும் பேரிங் போயிருக்கலாம்.

பழையகை
தம்பி, மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ஈ.எஸ்.சியோடு ஒரு தாள் வந்திருக்கும், அதைப் படித்தீர்களா? பதில் அதிலேயே இருக்கும். நாங்கள் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிய காலத்தில் கேட்க ஆளே கிடையாது, படித்துத்தான் கற்றோம்.

காற்றாடி
பாடியை மூடிக்கொண்டு ஓட்டினால் உள்ளே காற்று எங்கே போகும்? முன்கண்ணாடிப் பகுதியில் ஒரு துளை, பின்னால் ஒரு பெரிய துளை வெட்டுங்கள். பாலிகார்பனேட் பாடிதான், வளைந்த கத்தரிக்கோலே வெட்டும். என் வண்டியில் அதைச் செய்த பிறகு சூடு பாதியாகிவிட்டது.

தோஹாவாசி
காற்றாடி, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நான் மணலில் ஓட்டுபவன். துளை வெட்டிய முதல் வாரமே உள்ளே போன மணல் ஸ்பர் கியரைத் தின்றுவிட்டது. காலி மனை என்கிறார், அங்கும் புழுதிதான் பறக்கும்.

காற்றாடி
துளையின் மேல் மெல்லிய ஸ்டாக்கிங் துணியை உள்பக்கமாக ஒட்டினால் மணல் வராது.

தோஹாவாசி
இரண்டு நாளில் துணியில் புழுதி அடைத்துக்கொள்ளும், அப்புறம் துளை இருந்தும் பயனில்லை. ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

காற்றாடி
தட்டிவிட்டு ஓட்ட வேண்டியதுதானே. மோட்டார் எரிவதைவிட ஸ்பர் தேய்வது மேல், ஸ்பர் விலை குறைவு.

செம்புக்கம்பி
துளையை அப்புறம் பார்க்கலாம். மண்ரோடு, போன மாதம் வரை நன்றாக ஓடியது என்கிறீர்கள், பேட்டரி புதிது என்கிறீர்கள். புதியதில் எத்தனை செல்? பழையதில் எத்தனை?

மண்ரோடு
பழையது 2எஸ், இது 3எஸ். கடையில் தாங்கும் என்றார்கள். ஈ.எஸ்.சி மேலேயும் 2-3எஸ் என்றுதான் இருக்கிறது.

செம்புக்கம்பி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

3300 கேவி என்றால் சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3300 சுற்று. 2எஸ்ஸின் 7.4 வோல்ட்டில் சுமார் 24,400. 3எஸ்ஸின் 11.1 வோல்ட்டில் சுமார் 36,600. பினியன் அதே 15 பல். வண்டி ஒன்றரை மடங்கு வேகத்துக்கு இழுக்கப் பார்க்கிறது, அதுவும் புல்லில். இழுக்கும் ஆம்ப் ஏறும். ஆம்ப் இரண்டு மடங்கானால் கம்பியிலும் மின்தடையிலும் சூடு நான்கு மடங்கு. பழைய வேகமே போதுமென்றால் பினியன் 10 பல் வேண்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஈ.எஸ்.சி மேல் இருக்கும் சின்ன ஃபேன் சுற்றுகிறதா? சில ஈ.எஸ்.சிகளில் ஃபேனுக்கு மின்சாரம் நேராகப் பேட்டரியிலிருந்தே போகும். அந்த வகையில் 2எஸ்ஸுக்கு 5 வோல்ட் ஃபேன், 3எஸ்ஸுக்கு 12 வோல்ட் ஃபேன் போட வேண்டும். முழுதாக ஏற்றிய 3எஸ் 12.6 வோல்ட். 5 வோல்ட் ஃபேனுக்கு அதைக் கொடுத்தால் எரிந்துவிடும். வண்டி ஓடும், குளிர்விக்க எதுவும் இருக்காது.

மண்ரோடு
ஃபேன் சுற்றவில்லை. ஸ்டிக்கரில் 5 வோல்ட் என்று இருக்கிறது.

பழையகை
இது அந்தத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும். அதனால்தான் படிக்கச் சொன்னேன்.

கியர்பாக்ஸ்
பினியனை மாற்றினால் மோட்டாரை நகர்த்த வேண்டிவரும், தாள் வைத்து இடைவெளி பாருங்கள். அதை மட்டும் மறக்காதீர்கள்.

தோஹாவாசி
கையால் தொட்டு முடிவு பண்ணாதீர்கள். 60 டிகிரியே கைக்குத் தாங்காது, மோட்டாருக்கு அது சாதாரணம். ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் 80ஐத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

காற்றாடி
12 வோல்ட் ஃபேன் போட்டாலும் மூடிய பாடிக்குள் அதே சூடான காற்றைத்தான் சுற்றிவிடும். துளை வேண்டும்.

தோஹாவாசி
வேண்டாம்.

மண்ரோடு
ஃபேன்தான். 12 வோல்ட் மாற்றினேன். பினியன் கடையில் 12 பல்தான் கிடைத்தது, அதையே போட்டேன். ஞாயிறு 15 நிமிடம் நிற்காமல் ஓடியது, பையனுக்கு ஒரே சந்தோஷம். எல்லாருக்கும் நன்றி, செம்புக்கம்பி அண்ணாவுக்குத் தனியாக.

செம்புக்கம்பி
மகிழ்ச்சி. 15 நிமிடம் ஓடிய பிறகு மோட்டார் எவ்வளவு டிகிரி இருந்தது? 12 பல் 3எஸ்ஸுக்குப் புல்லில் இன்னும் கொஞ்சம் அதிகம்தான்.

செம்புக்கம்பி
மண்ரோடு, மோட்டார் சூட்டைப் பார்த்தீர்களா?