அலாய் போய் ஸ்போக்ஸ் வந்தது: 400 கிலோமீட்டருக்குப் பிறகு புதுப்பிப்பு

போன முறை எழுதியது இதுதான்: சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு பள்ளம், என் 2009 ஸ்பிளெண்டர் பைக்கின் முன் அலாய் வீலில் (கம்பி இல்லாத வார்ப்புச் சக்கரம்) மயிரிழை விரிசல். வெல்டிங் வைக்கலாமா, கம்பி (ஸ்போக்ஸ்) வீலுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தேன். மாறிவிட்டேன், இரண்டு சக்கரமும். வார்ப்பில் விட்ட விரிசலை ஒட்டவைத்து அதை நம்பி ஓட்ட மனசு வரவில்லை.

இதே வண்டி கம்பி வீலோடும் வந்ததால் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) தேடி அலையவில்லை. அதே 18 அங்குலம், அதே அளவு பிரேக் டிரம். பழைய பிரேக் பிளேட் அப்படியே உட்கார்ந்தது.

சக்கரத்தின் கோட்டம் எடுத்ததுதான் காட்சி. சைக்கிள் கடையில் தொழில் படித்த பாளையங்கோட்டை அண்ணாச்சி, ரிம்மை ஒட்டி சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். வெள்ளை ஒட்டிய இடத்தில் எதிர்ப்பக்க நிப்பிளுக்கு (கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்னத் திருகு) கால் சுற்று. பிறகு 36 கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக் காது கொடுத்தார். ஒன்று மட்டும் ‘டொக்’ என்றது. “இவன் சோம்பேறி, தம்பி” என்று அதையும் முறுக்கினார்.

சொதப்பியது நான். அவசரத்தில் பின்சக்கரத்துக்கு ரிம் நாடா (நிப்பிள் முனைகளை மூடும் பட்டை) போடாமலே டியூபை மாட்டினேன். முக்கூடல் வருவதற்குள் காற்று போச்சு. நிப்பிள் முனை டியூபைக் கடித்திருந்தது.

அப்புறம், 400 கிலோமீட்டரில் புதுக் கம்பிகள் லேசாகத் தளர்ந்தன, மறுபடி முறுக்கியாயிற்று. பள்ளத்தில் இறங்கினால் கைக்கு வரும் அடி குறைந்த மாதிரி படுகிறது. மழை பெய்தால் கம்பி துடைப்பதுதான் பாடு. அதற்குப் பழைய வேட்டி கேட்டால் அம்மா தரமாட்டேன் என்கிறாள்.