ஒரே டப்பா புகையிலைதான், அப்பாவுக்கு மட்டும் ஏன்? ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

மலைப்பூண்டு (பூம்பாறை):
வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு. பூண்டு வயல்ல நிக்கும்போது குளிருக்கு இதமா இருக்குன்னு சின்ன வயசுலேயே புகையிலை போட ஆரம்பிச்சவர். எப்பவும் இடது கன்னத்துலதான் அடக்குவார். போன தை மாசம் அதே இடத்துல புண் வந்துச்சு. ரசம் பட்டாலே எரியுதுன்னார். நாங்க வாய்ப்புண்ணுன்னு நினைச்சு நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொல்லி சித்திரை வரைக்கும் ஓட்டிட்டோம். அந்த மூணு மாசத்தை நினைச்சா இன்னமும் தூக்கம் வரமாட்டேங்குது. மதுரையில சதை எடுத்துப் பார்த்து வாய்ப்புற்றுநோய்னு சொன்னாங்க. ஆபரேஷன் முடிஞ்சு கரண்டும் (கதிர்வீச்சு) வச்சாச்சு.

பெரியப்பாவும் அப்பாவும் ஒரே டப்பாவுல இருந்து எடுத்துப் போட்டவங்க. அவருக்கு 74 வயசு, ஒண்ணும் இல்ல. கரண்ட் வைக்கிற இடத்துல கூட இருந்த ஒருத்தர், "டிஎன்ஏவைச் சரிபண்ற ஜீன் உங்கப்பாவுக்கு மந்தமா இருந்திருக்கும்"னார். நிஜமா? 29 வயசுத் தம்பியும் புகையிலைப் பொட்டலம் போடுறான். நாங்க ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கணுமா?

லேப்_அக்கா (கோவை):
அவர் சொன்னதுல உண்மை இருக்கும்மா. புகையிலை நஞ்சு டிஎன்ஏவுல ஒட்டிக்கும். செல் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிஞ்சுட்டு, புதுசா கட்டி ஒட்டவைக்கும். இந்த வேலை எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்ச அசீஸ் சன்ஜாருக்கு 2015 வேதியியல் நோபல்ல பங்கு கிடைச்சது. இஆர்சிசி1, எக்ஸ்பிஜி மாதிரி சில ஜீன்கள்தான் இதைச் செய்யுது. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல, தலை கழுத்துப் புற்றுநோய்க்காரங்களோட ரத்த வெள்ளணுவுல இந்த ஜீன்கள் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்து 2002ல வெளியிட்டாங்க. நோய் இல்லாதவங்களைவிடக் குறைவா இருந்துச்சு.

ஆனா அது கூட்டத்தோட சராசரி. அதுவும் நோய் வந்த பிறகு எடுத்த ரத்தம், நோயாலேயே குறைஞ்சிருக்கலாம். அதை வச்சு உன் தம்பிக்கு வரும், வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஃபான்கோனி ரத்தசோகைன்னு ஒரு அரிய பரம்பரை நோய் இருக்கு, அதுல டிஎன்ஏவைச் சரிபண்ற இன்னொரு வழி பழுது. அவங்களுக்குச் சின்ன வயசுலேயே வாயில புற்றுநோய் வரலாம். இத்தனை வருஷம் புகையிலை போட்டு 61ல வந்ததை அதோட சேர்க்காதே. காசு கட்டி டெஸ்ட் எடுத்து 'நார்மல்'னு வந்தா, தம்பி இன்னும் ரெண்டு பொட்டலம் கூடப் போடுவான். எனக்கு அதுதான் பயம்.

தேயிலைக்காடு (குன்னூர்):
எஸ்டேட் டிஸ்பென்சரியில நர்ஸா இருக்கேன். அக்கா சொன்னதுதான் சரி. திருவனந்தபுரம் பக்கம் 1996ல ஆரம்பிச்சு, பயிற்சி எடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாங்க. புகையிலை, குடிப்பழக்கம் உள்ளவங்கள்ல வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைஞ்சதுன்னு 2005ல வந்துச்சு. வெறும் பார்வைதான்! இன்னொண்ணு, "நான் வெறும் பாக்குதானே போடுறேன்"னு எங்க லைன் வீடுகள்ல சொல்வாங்க. பாக்கு தனியாவே புற்றுநோய் தரும். வாய் முழுசாத் திறக்க வரலைன்னாலும் உடனே காட்டணும்.

மூணு வாரம் ஆறாத புண், வெள்ளை, சிவப்புத் திட்டு இருக்கான்னு இன்னைக்கே தம்பி வாயைப் பாருங்க.

மலைப்பூண்டு (பூம்பாறை):
ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். வலது பக்கம் கீழ் ஈறோரம், அவன் பொட்டலம் வைக்கிற இடத்துல நகம் அளவுக்கு வெள்ளையா இருக்கு. ஈரத்துணியால துடைச்சேன், போகல. வலிக்கலைன்னு சொல்றான். பெரியப்பா வாயையும் பார்த்தேன், சுத்தமா இருக்கு. ஆனாலும் அவரையும் சேர்த்துத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸுல மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். முதல்ல வாய்-பல் பிரிவுக்கா, காது மூக்கு தொண்டைக்கா?

தேயிலைக்காடு (குன்னூர்):
வாய்-பல் பிரிவுக்கே போங்க. அப்பாவோட ஃபைலையும் கையில எடுத்துக்கோங்க.