பவர் பட்டனை அழுத்தினால் சிபியூ ஆன் ஆகி, சில நொடியில் அணைந்துவிடுகிறது

தாராவி டிடிபி:
எல்லோருக்கும் வணக்கம். மும்பை தாராவி 90 அடி சாலைப் பக்கம் வீட்டிலேயே டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், ஆடி வந்தால் அம்மன் கோயில் நோட்டீஸ் என்று எல்லாமே ஒரே டெஸ்க்டாப்பில்தான். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கியது. மழை ஆரம்பித்ததிலிருந்து பவர் பட்டன் மக்கர் பண்ணுகிறது. முதலில் பலமுறை அழுத்தினால்தான் ஆன் ஆனது. இப்போது அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் ஏதாவது வருவதற்குள் அணைந்துவிடுகிறது. நாலைந்து நொடிதான், எப்போதும் அதே கணக்கு.

பக்கத்து ரிப்பேர் கடையில் பெட்டியைத் திறக்காமலே மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். போர்டு பழசு. அதை மாற்றினால் பிராசஸர், ராம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். எங்களுக்கு இப்போது அது முடியாது. கோயில் நோட்டீஸ் வேறு பாதியில் நிற்கிறது. போர்டா, பட்டனா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? ஸ்குரூ டிரைவர் பிடிப்பேன், எலக்ட்ரானிக்ஸ் தெரியாது.

செம்பூர்க்காரன்:
எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கோளாறாக இருக்கலாம், மேடம். என் அலுவலகத்தில் ஒரு மெஷின் இப்படித்தான் ஆன் ஆகி உடனே விழுந்தது, எஸ்எம்பிஎஸ் மாற்றினதும் சரியானது. தெரிந்தவர் யாரிடமாவது ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

சயான் சர்வீஸ்:
தங்கச்சி, எதையும் வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. எப்போதும் அதே நாலைந்து நொடி என்கிறீர்களே, அதுதான். பவர் பட்டனை 4 நொடிக்கு மேல் விடாமல் அழுத்திப் பிடித்தால் போர்டு தானாகவே எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஹேங் ஆன கம்ப்யூட்டரை நாம் அப்படித்தானே நிறுத்துகிறோம்? உங்கள் பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால், நீங்கள் விரலை எடுத்த பிறகும் யாரோ அழுத்திக்கொண்டே இருப்பதாகத்தான் போர்டுக்குத் தெரியும். செம்பூர்க்காரர் சொன்ன எஸ்எம்பிஎஸ் கோளாறும் நடக்கக்கூடியதுதான், ஆனால் அதில் பெரும்பாலும் ஃபேன் ஒரு துள்ளு துள்ளி உடனே நின்றுவிடும்.

அந்தப் பட்டன் வீட்டு காலிங் பெல் சுவிட்ச் மாதிரி. அழுத்தும்போது மட்டும் இரண்டு கம்பியைச் சேர்க்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அது சேர்ந்ததும் போர்டு எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சைக் கம்பியை கிரவுண்டுக்கு இழுக்கும். அப்புறம்தான் 12 வோல்ட் எல்லாம் கிளம்பும். ஆகவே பட்டனே இல்லாமலும் கம்ப்யூட்டரை ஆன் செய்யலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றுங்கள். போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரிசையாகச் சின்னப் பின்கள் இருக்கும். பெரும்பாலான போர்டுகளில் 9 பின், பத்தாவது இடம் காலி. எதைத் தொடுவதற்கு முன்னும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பவர் எஸ்டபிள்யூ என்று எழுதிய கனெக்டரை மட்டும் உருவுங்கள். வழக்கமாக அது 6, 8 ஆம் பின்களில் இருக்கும். இப்போது பிளக்கைப் போட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டுவிட்டு எடுங்கள். அங்கே 5 வோல்ட்டுக்கு மேல் கிடையாது, ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்னில் மட்டும் படக்கூடாது. ஆன் ஆகி அப்படியே நின்றால் போர்டு நன்றாக இருக்கிறது, பட்டன்தான் போயிருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் தெரிகிற விஷயம் இது. அதைக்கூடப் பார்க்காமல் போர்டு போச்சு என்று சொல்லி ஒரு குடும்பத்தின் தலையில் செலவைக் கட்டுவது தப்பு. மழைக்காலத்தில் இங்கே பட்டன் கோளாறு சாதாரணம். உப்புக் காற்றும் ஈரமும் தூசியும் சேர்ந்து உள்ளே இருக்கிற தகட்டைக் கெடுத்துவிடும்.

தாராவி டிடிபி:
அண்ணா, ஆன் ஆகி நின்றுவிட்டது! கனெக்டரை உருவி, நீங்கள் சொன்ன மாதிரியே தொட்டேன். விண்டோஸ் வந்து, பாதி நோட்டீஸும் அப்படியே இருக்கிறது. முதல் வேலையாக அதை பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் ஸ்குரூ டிரைவரால் ஆன் செய்ய முடியாதே. வீட்டில் சின்னப் பையன் வேறு இருக்கிறான், பெட்டியைத் திறந்து வைக்கப் பயமாக இருக்கிறது. பட்டனில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டால் இளகுமா?

சயான் சர்வீஸ்:
எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியை இழுத்து இன்னும் சிக்கவைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உங்கள் ரீசெட் பட்டனின் கனெக்டரை எடுத்து பவர் பின்களில் குத்துங்கள். இனி ரீசெட்தான் உங்கள் பவர் பட்டன். சுவிட்ச் கம்பிக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படித் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். விளக்குக் கம்பிகளுக்குத்தான் திசை உண்டு, அவற்றைத் தொட வேண்டாம். மூடியைப் போட்டு மூடிவிடுங்கள், பையனைப் பற்றிய கவலையும் இல்லை.

செம்பூர்க்காரன்:
அண்ணன் சொன்னது சரி, போர்டு தப்பித்ததில் எனக்கும் சந்தோஷம். இன்னொரு வழியும் உண்டு. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற போர்டின் செட்டிங்ஸ் திரையில்) பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் ஏசி பவர் லாஸ் என்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கும். அதை பவர் ஆன் என்று மாற்றினால், சுவர் சுவிட்சைப் போட்டாலே கம்ப்யூட்டர் கிளம்பும். சில போர்டுகளில் கீபோர்டு தட்டியும் ஆன் செய்யலாம். ஆனால் அணைக்கும்போது விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்து, முழுக்க நின்ற பிறகே சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும்.

தாராவி டிடிபி:
ரீசெட் கம்பியை மாற்றிவிட்டேன், ஒரே அழுத்தில் வருகிறது. நோட்டீஸும் அச்சுக்குப் போய்விட்டது. ரொம்ப நன்றி அண்ணா, உங்களுக்கும் நன்றி செம்பூர் சார். நிரந்தரமாகப் புதுப் பட்டன் போட வேண்டுமென்றால் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

சயான் சர்வீஸ்:
மாஹிமில் ஸ்லோ லோக்கல் ரயில் பிடித்து கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு நடக்கிற தூரம். டெஸ்க்டாப் பவர் சுவிட்ச் கேபிள் என்று கேளுங்கள், பட்டனும் கம்பியும் சேர்ந்தே வரும். கடையிலேயே மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (கம்பி சேர்ந்திருந்தால் பீப் அடிக்கிற அமைப்பில்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தினால் பீப் வர வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். விட்ட பிறகும் பீப் இழுத்தால் வேறொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள்.