160 மீட்டரில் என் சிக்னல் போய்ச் சேருகிறது, எனக்குத்தான் எதுவும் கேட்பதில்லை

கம்பிவேலி:
அமெச்சூர் ரேடியோவில் 160 மீட்டர் பேண்ட் (1.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம்). 100 வாட் ரிக் (அனுப்பவும் கேட்கவும் ஒரே கருவி). இன்வர்ட்டட் எல் ஆன்டெனா: நிமிர்ந்த பகுதி 18 மீட்டர், மடங்கிப் போகும் பகுதியோடு சேர்த்து மொத்தம் 39 மீட்டர். தரையில் 10 மீட்டர் நீளத்தில் 8 ரேடியல் (ஆன்டெனாவின் அடியிலிருந்து விரியும் கம்பிகள்). 1.830 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா 50 ஓமுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு; 1 என்றால் கச்சிதம்) 1.1, அதனால் ஆன்டெனாவில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. கேட்பதும் இதே ஆன்டெனாவில்தான். இரவில் சி.டபிள்யூ. (மோர்ஸ்) ஃபில்டர் 500 ஹெர்ட்ஸில் இருக்கும்போதே இரைச்சல், சிக்னல் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில், எஸ்-7.

சி.டபிள்யூ.வில் சிக்யூ (பொது அழைப்பு) போட்டால், கேட்கும் சிக்னல்களைத் தானாகப் பதியும் ரிவர்ஸ் பீக்கன் தளத்தில் 5,000, 6,000 கி.மீ. தள்ளியுள்ள நிலையங்கள் என்னைப் பதிவு செய்கின்றன. பதிலுக்கு அங்கிருந்து யாரும் எனக்குக் கேட்பதில்லை. சூரிய உதயத்தை ஒட்டி மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் சிக்னல்கள் திடீரென்று எழுந்து வந்து, அப்படியே மறைந்துவிடுகின்றன. 80 மீட்டரில் 12 மீட்டர் உயரத்து டைபோல். அதில் இரவு முழுக்க நன்றாகவே கேட்கிறது.

மூன்று கேள்விகள்: அந்தப் பத்து நிமிடம் ஏன்? கே-பி (பூமியின் காந்தக் கலக்க எண்) 0, 1 என்று காட்டும் இரவுகளிலும் பேண்ட் சில சமயம் செத்துக் கிடப்பது ஏன்? 1 கிலோவாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் பயன் உண்டா?

டி_அடுக்கு:
முதல் இரண்டை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தரையிலிருந்து 60–90 கி.மீ. உயரத்தில், அயனி மண்டலத்தின் அடியில், பகல் வெயிலில் வலுக்கும் டி அடுக்கு. அங்கே காற்று ஓரளவு அடர்த்தி. அலை ஆட்டிவைக்கும் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும். இந்த உறிஞ்சல் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதம். 80 மீட்டரின் 3.5 மெகாஹெர்ட்ஸை 160-இன் 1.83-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3.7 வரும், 80-இல் 6 டெசிபல் போகிற பாதையில் 160-இல் 20-ஐத் தாண்டிப் போகும். அதனால்தான் 80-இல் சாயங்காலமே திறக்கும் பாதை 160-இல் இருட்டிய பிறகும் இழுத்தடிக்கிறது.

இரவில் இன்னொரு தொல்லை உண்டு, இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. டி-க்கு மேலே உள்ள இ அடுக்கு இரவிலும் முழுதாகக் கலைவதில்லை. நேர் மேலே அனுப்பினால் 0.4–0.5 மெகாஹெர்ட்ஸ் வரைதான் அது திருப்பும். தாழ்ந்த கோணத்தில் சாய்ந்து போகும் அலைக்கோ அந்த வரம்பு ஐந்து மடங்கு வரை ஏறும், அதாவது 2 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கம். 3.5 அதைத் துளைத்துக்கொண்டு இன்னும் மேலே உள்ள எஃப் அடுக்குக்குப் போய்விடும். 1.83 பல நேரம் இ அடுக்கிலேயே திரும்பிவிடும். எஃப்-இல் ஒரு தாவல் 3,500 கி.மீ. வரை போகுமென்றால், இ-யில் 2,000 தான். தாவல் கூடக் கூட டி அடுக்கின் மிச்சத்தைக் கடக்கும் தடவையும், தரையில் பட்டு இழப்பதும் கூடும்.

இப்போது உங்கள் பத்து நிமிடம். 300 கி.மீ. உயரத்தில் தரையைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே வெயில் பட்டுவிடும். டி அடுக்கு உயரத்துக்கு வரும் முதல் கதிர்கள் தரையை உரசிக்கொண்டு, தடித்த காற்றையும் ஓசோனையும் கடந்து வருவதால் அங்கே உடனடியாக அயனியாக்கம் நடப்பதில்லை. மேலே அடுக்குகள் சாய ஆரம்பித்துவிட்டன, கீழே உறிஞ்சி இன்னும் விழிக்கவில்லை: அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைப்பது. இ அடுக்குக்கும் எஃப் அடுக்குக்கும் நடுவே குழாயில் போவதுபோல் தரையைத் தொடாமல் வந்த அலை, இந்தச் சாய்வில் கீழே இறங்குகிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

நடைமுறையில்: உங்கள் உதயத்தில் மேற்கே கேளுங்கள், இருட்டு அங்கேதான் மிச்சம் இருக்கிறது. உங்கள் அஸ்தமனத்தில் கிழக்கே. அங்கே அப்போது விடியல் என்றால் இரண்டு முனையிலும் சாதகம். உதயத்துக்கு 30 நிமிடம் முன்பே இருக்கையில் உட்கார்ந்துவிடுங்கள். மத்திய அலையின் மேல்முனை, 1,500–1,600 கிலோஹெர்ட்ஸ், இலவச பீக்கன் (பாதை திறப்பதைக் காட்டும் அடையாளம்). அங்கே தொலைதூர மேற்கு நிலையங்கள் ஏறத் தொடங்கினால் 160-ஐ விட்டு நகராதீர்கள்.

கே-பி விஷயம்: அது மூன்று மணி நேரத்துக் காந்தக் கலக்கத்தின் அளவு, அவ்வளவுதான். புயல் அடங்கிய பிறகும் காந்தமண்டலத்தில் மாட்டியிருந்த எலக்ட்ரான்கள் பல நாள் டி அடுக்கில் கொட்டிக்கொண்டே இருக்கும். இன்று 0 என்பதைவிட, போன வாரம் என்ன நடந்தது என்பது முக்கியம். துருவத்துப் பக்கம் போகும் பாதை கே-பி 2-லேயே கெட்டுவிடலாம். தாழ்ந்த அட்சரேகைகளுக்குள் ஓடும் பாதைக்கு 3 ஒரு பொருட்டாகவே இல்லாமல் போகலாம். எண்ணைப் பார்த்துவிட்டு ரிக்கை அணைக்காதீர்கள்.

செம்புச்சுருள்:
ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். 100-லிருந்து 1,000 வாட் என்பது 10 டெசிபல். அது அடுத்தவர் காதுக்கு. உங்கள் நோய் காதில். இரைச்சலை எஸ்-7-லிருந்து எஸ்-3-க்கு இறக்கினால் 24 டெசிபல் (ஒரு எஸ் 6 டெசிபல்). இப்போதே உங்களைக் கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல முடியாத நிலையில் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டு என்ன செய்வது?

முதலில் ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை அணையுங்கள். எஸ்-மீட்டர் விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள். பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டு எது ஏற்றுகிறது என்று பாருங்கள். 60–70 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை கரகரப்பான மேடு வந்தால் சுவிட்சிங் பவர் சப்ளை: எல்இடி விளக்கு, லேப்டாப் சார்ஜர், ரூட்டர் அடாப்டர் என்று தேடுங்கள். பகலில் மட்டும் என்றால் சோலார் இன்வர்ட்டர். மெயினை அணைத்தும் மீட்டர் அசையவில்லையென்றால் வெளியிலிருந்து வருகிறது. அதற்குத் தனியாகக் கேட்கும் ஆன்டெனாதான் வழி.

180 மீட்டர் கம்பி இழுக்க இடமிருந்தால் பெவரேஜை (கேட்பதற்கென்றே நீளமாக இழுக்கும் கம்பி ஆன்டெனா) மிஞ்ச எதுவுமில்லை. இல்லையென்றால் ஃபிளாக். செவ்வகச் சுற்று, 8.8 மீட்டர் அகலம், 4.3 மீட்டர் உயரம், அடிக்கம்பி தரையிலிருந்து 2 மீட்டர் மேலே. ஒரு குட்டைப் பக்கத்தின் நடுவில் ஃபீட் (கேபிள் சேரும் இடம்), எதிர்ப்பக்கத்தின் நடுவில் 950 ஓம் ரெசிஸ்டர். கம்பிச்சுருள் வகை ரெசிஸ்டர் கூடாது, அது இண்டக்டராகவும் நடந்துகொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர்: பிஎன்-73-202 பைனாகுலர் கோர், 75 ஓம் கோஆக்ஸ் பக்கம் 2 சுற்று, ஆன்டெனா பக்கம் 7 சுற்று. இரண்டும் தனித்தனிச் சுற்றாக இருக்க வேண்டும். ஆட்டோ-டிரான்ஸ்ஃபார்மராகச் சுற்றினால் கோஆக்ஸின் மேலுறை ஆன்டெனாவின் ஒரு காலாகிவிடும், வீட்டு இரைச்சல் மொத்தமும் அதன் வழியே வந்து இறங்கும். அதோடு கோஆக்ஸை மிக்ஸ் 31 ஃபெரைட் வளையத்தில் 10 முறை சுற்றி ஒரு சோக் போடுங்கள்.

திசையில் பலர் ஏமாறுவார்கள். பெவரேஜ் ரெசிஸ்டர் இருக்கும் முனைப் பக்கமாகக் கேட்கும். ஃபிளாக் நேர்மாறு: ஃபீட் பக்கம் கேட்கும், ரெசிஸ்டர் பக்கம் செவிடு. சரிபார்க்க, பகலில் ரெசிஸ்டர் திசையில் உள்ள ஒரு மத்திய அலை நிலையத்தை வைத்து, ரெசிஸ்டருக்குப் பதில் 2 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் போட்டு, சிக்னல் மிகக் குறையும் இடத்தில் நிறுத்தி அந்த மதிப்பை அளந்துகொள்ளுங்கள். பள்ளமே வரவில்லையென்றால் கோஆக்ஸ்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஃபிளாக்கின் கெயின் மைனஸ் 30 டெசிபல் அளவில் இருக்கும், எஸ்-மீட்டர் தரையோடு தரையாகக் கிடக்கும். பயப்பட வேண்டாம், பிரீஆம்ப் போட்டால் போதும். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. அனுப்பும் கம்பியிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். அது ஒத்ததிர்வில் இருப்பதால் தான் பிடித்த இரைச்சலைத் திரும்பக் கதிர்வீசும்; கேட்கும்போது ஒரு ரிலேயால் அதன் அடியைத் துண்டிப்பது நல்லது. அனுப்பும்போது பிரீஆம்பைத் துண்டிக்க இன்னொரு ரிலே. அதை மறந்தால் முதல் டேஷிலேயே பிரீஆம்ப் காலி.

இன்னொன்று. எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 என்பதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். 18 மீட்டர் நிமிர்ந்து, மீதி மடங்கிய கம்பிக்குக் கதிர்வீச்சு ரெசிஸ்டன்ஸ் 15 ஓம் அளவில்தான் வரும். ஆன்டெனா அனலைசர் 46 ஓம் காட்டினால் மீதி 31 ஓமும் மண்ணைச் சூடாக்குகிறது. 100 வாட்டில் 33 வாட்தான் வானத்துக்குப் போகிறது. 8 ரேடியலை 32 ஆக்குங்கள். நீளமாக நாலைந்து போடுவதைவிட, அதே கம்பியைக் குட்டையாக நிறைய வெட்டிப் போடுவது மேல்.

சாய்கோணம்:
ஒரு மாறுபாடு: டிஎக்ஸுக்கு (தொலைதூரத் தொடர்பு) எப்போதும் நிமிர்ந்த கம்பிதான் என்று பொதுவாகச் சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பூமியின் காந்தப்புலத்தில் எலக்ட்ரான் சுழலும் அதிர்வெண், இடத்தைப் பொறுத்து 0.8 முதல் 1.7 மெகாஹெர்ட்ஸ் வரை. 160 மீட்டர் அதன் வாசலிலேயே இருக்கிறது. அதனால் அயனி மண்டலத்துக்குள் நுழையும் அலை இரண்டாகப் பிரியும்போது, எக்ஸ்ட்ராஆர்டினரி அலை பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். மிச்சம் ஆர்டினரி அலைதான். காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் காந்தப்புலம் தரைக்கு இணையாக வடக்கு–தெற்காகக் கிடக்கிறது. ஆர்டினரி அலையின் மின்புலம் அதற்கு இணையாக இருக்க வேண்டும். ஆகவே அங்கிருந்து கிழக்கு–மேற்காகப் போகும் பாதையில் கிடைமட்ட போலரைசேஷன்தான் (மின்புலம் தரைக்கு இணை) நன்றாக ஒட்டும். செங்குத்து அலை வீணாகும் பக்கம் போய்ச் சேரும். வடக்கு–தெற்குப் பாதையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

20 மீட்டர் உயர டைபோல் 160-க்கு எட்டில் ஒரு பங்கு அலைநீளம்தான், சக்தியில் பெரும்பகுதி தலைக்கு மேலே போகும். அப்படியிருந்தும் காந்த நடுக்கோட்டுப் பக்கத்தில், அதுவும் உதய நேரத்தில், அது இன்வர்ட்டட் எல் ஆன்டெனாவைத் தோற்கடித்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஊகிப்பதைவிட அளக்கலாம்: 1.8366-இல் 5 வாட் டபிள்யூஎஸ்பிஆர் (தானாக அனுப்பி, யார் எவ்வளவு வலுவாகக் கேட்டார்கள் என்று காட்டும் முறை), இரண்டு ஆன்டெனாவையும் மாற்றி மாற்றி, ஒரே நிலையம் தந்த அறிக்கைகளை மட்டும் ஒப்பிட்டு, குறைந்தது ஒரு வாரம். ஒரு இரவை வைத்து முடிவு கட்டினால் ஏமாறுவீர்கள்; இந்த பேண்டில் அரை மணிக்குள் 10 டெசிபல் ஏறி இறங்கும்.

கம்பிவேலி:
நன்றி. மெயினை அணைத்ததும் எஸ்-7 எஸ்-5 ஆனது. இரண்டு எல்இடி டிரைவர்கள். ரேடியல் 32 ஆக்கியாயிற்று. ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.85-க்கு ஏறிவிட்டது, அனலைசரில் 27 ஓம். எதையாவது கெடுத்துவிட்டேனா? ரேடியல்களைப் புதைக்க வேண்டுமா?

செம்புச்சுருள்:
கெடுக்கவில்லை, சரிசெய்திருக்கிறீர்கள். 27-இல் 15 என்றால் 56 சதவீதம், முன்பு 33. இரண்டு டெசிபலுக்கு மேல் சும்மா கிடைத்திருக்கிறது.

பொருத்தத்துக்கு: கம்பியின் நுனியை ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு மடித்துக் கட்டுங்கள், வெட்டாதீர்கள். இப்போது அடியில் 25 ஓம் அளவு கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸ் வரும். ஃபீட் முனைக்கும் ரேடியல்களுக்கும் குறுக்கே 4.7 மைக்ரோஹென்ரி காயில் போட்டால் 50 ஓம் ஆகிவிடும். 50 மி.மீ. பிவிசி குழாயில் 2 மி.மீ. செம்புக் கம்பியை லேசாக இடைவெளி விட்டு 10 சுற்று சுற்றி, அரைச் சுற்று அரைச் சுற்றாகக் குறைத்துப் பாருங்கள். காய்ந்த காற்றிலும் மழை மேகத்திலும் கம்பியில் ஏறும் நிலைமின்னை இதே காயில் தரைக்கு இறக்கிவிடும். அது கூடுதல் லாபம்.

புதைக்க வேண்டாம். தரை மட்டத்தில் இழுத்து, யு வடிவத்தில் வளைத்த கம்பித் துண்டுகளால் அரை மீட்டருக்கு ஒன்று குத்திவிடுங்கள். ஒரு மழைக்காலத்தில் புல்லே மூடிவிடும்.