தைனோ மக்களைக் கொன்றது பெரியம்மை மட்டும்தானா?

செங்கொன்றை:
அமெரிக்கப் பூர்வகுடிகள் ஏன் அழிந்தார்கள் என்று கேட்டால் இப்போதெல்லாம் கிடைக்கும் பதில் பெரியம்மை. ஐரோப்பியர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது, அவர்களுக்கு இல்லை, இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. கொலம்பஸ் முதலில் குடியேற்றம் அமைத்த ஹிஸ்பானியோலா தீவை (இன்றைய ஹெய்ட்டி, டொமினிக்கன் குடியரசு) எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரியம்மை வந்ததாகப் பதிவாகியிருப்பது 1518 கடைசியில். ஆனால் 1514-லேயே, அந்தத் தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களைக் குடியேறிகளுக்கு வேலையாட்களாகப் பங்கிடக் கணக்கெடுத்தபோது, சுமார் 26,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். 1492-ல் சில லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரியம்மை வருவதற்கு முன்பே இத்தனை பேரைக் கொன்றது எது?

கடற்காகம்:
பெரியம்மை வரவில்லை என்றால் வேறு நோயே வரவில்லை என்று அர்த்தமா? 1493-ல் கொலம்பஸ் 17 கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு திரும்பி வந்தார். பன்றி, குதிரை எல்லாம் கூடவே வந்தன. லா இசபெலா ஊரைக் கட்டத் தொடங்கிய சில நாட்களிலேயே வந்தவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். கொலம்பஸும் தப்பவில்லை. அது பன்றியிலிருந்து தொற்றிய இன்ஃபுளுவென்சா என்று சிலர் கருதுகிறார்கள். கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. தெரியாமல் கொண்டுவந்த நோய்க்குக் கொலைப்பழி சுமத்துவது நியாயமில்லை.

அப்புறம் அந்தச் 'சில லட்சம்'. பழைய எலும்புகளின் மரபணுவை வைத்து 2020-ல் வந்த ஆய்வு, ஹிஸ்பானியோலாவும் போர்ட்டோ ரிக்கோவும் சேர்ந்தே சில பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்திருக்காது என்கிறது. பாதிரியார் லாஸ் காசாஸ் முப்பது லட்சம் என்று எழுதினார். இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது 'இத்தனை பேர்' என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

செங்கொன்றை:
நண்பரே, இருபது வருடப் பஞ்சமும் கட்டாய வேலையும் கடந்த பிறகு, ஒரே தீவில், அரசாங்கம் எண்ணியதே 26,000. அப்படியிருக்க, தொடக்கத்திலேயே இரண்டு தீவுகளிலும் சேர்த்துச் சில பத்தாயிரம்தான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. சரி, உங்கள் எண்ணிக்கையையே வைத்துக்கொள்வோம். 1548-ல் ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ என்ன எழுதினார் தெரியுமா? தீவில் பூர்வகுடிகள் ஐந்நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள் என்று. அவர் தைனோக்கள் மேல் பரிவு கொண்டவரே அல்ல.

பழைய வாத்தியார்:
எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டால் அங்கே நடந்தது கண்ணில் படாது. தைனோக்களின் சாப்பாடு மரவள்ளி. பின்னாளில் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்த அதே கிழங்கு. மண்ணை முழங்கால் உயரத்துக்கு வட்டமாகக் குவித்து அதில் குச்சி நடுவார்கள். அவர்கள் வளர்த்த கசப்பு வகையில் விஷம் உண்டு. துருவி, நீளமான பின்னல் பையில் அடைத்துப் பிழிந்து, சாற்றை வடித்த பிறகுதான் ரொட்டியாகச் சுட முடியும். நட்டுத் தோண்ட ஒரு வருடம்போல ஆகும். வருடம் முழுக்க ஊரில் ஆள் இருந்தால்தான் அடுத்த வருடம் சோறு.

1495 வாக்கில் கொலம்பஸ் வரி விதித்தார். தங்கம் கிடைக்கும் சிபாவோ பகுதியில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சிறு மணி நிறையத் தங்கத்தூள் தர வேண்டும். மற்ற இடங்களில் ஆளுக்குப் பதினோரு கிலோவுக்குச் சற்று அதிகமான பஞ்சு. கட்டியவர் அடையாளமாக ஒரு உலோக வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லாதவருக்குத் தண்டனை. ஆற்று மணலில் அவ்வளவு தங்கம் எங்கே இருக்கிறது? மக்கள் நடவை விட்டுவிட்டு மலைக்கு ஓடினார்கள். அடுத்து வந்தது பஞ்சம். பசியில் கிடக்கும் உடம்புக்கு எந்தக் காய்ச்சலும் எமன்தான்.

கடற்காகம்:
வாத்தியார் சார், நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி லாஸ் காசாஸ் வழியாக வந்தது. அவர் ஒரு பக்கம் சார்ந்து எழுதியவர். ஸ்பானியர்களின் கொடுமைகளைச் சொல்லி 1552-ல் அச்சான அவர் நூலை ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஸ்பெயினைத் தூற்ற மொழிபெயர்த்துப் பரப்பினார்கள். அதே ஆங்கிலேயர்கள் 1637-ல் வட அமெரிக்காவின் மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீக்வாட் பூர்வகுடிகளின் ஊரைத் தீ வைத்து எரித்தார்கள்.

ஸ்பெயினுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்ததையும் சொல்லுங்கள். 1503-ல் அரசி இசபெல் இவர்கள் சுதந்திர மனிதர்கள், கூலி கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1511-ல் மான்தெசினோஸ் என்ற துறவி, குடியேறிகள் நிறைந்த தேவாலயத்தில் நின்று, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டார். இவர்களைக் காக்க 1512-ல் புர்கோஸ் சட்டங்கள், 1542-ல் புதிய சட்டங்கள். இவ்வளவும் செய்த அரசை அழிக்கவே வந்த அரசு என்பீர்களா?

செங்கொன்றை:
அழிக்கவே வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வேலை வாங்க வந்தார்கள், ஆள் செத்தாலும் வேலையை நிறுத்தவில்லை என்கிறேன்.

லாஸ் காசாஸை ஒதுக்கிவைத்துவிட்டு நீங்கள் சொன்ன சட்டத்தையே பார்ப்போம். அதே 1503 ஆணைதான் அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலைக்கு அனுப்பவும் அதிகாரம் கொடுத்தது. புர்கோஸ் சட்டம், ஐந்து மாதம் சுரங்க வேலை, பிறகு நாற்பது நாள் ஓய்வு என்கிறது. சலுகையே இவ்வளவுதான் என்றால் அதற்கு முன்பு எப்படி இருந்திருக்கும்? நான்கு மாதம் கடந்த கர்ப்பிணிகளைச் சுரங்கத்துக்கு அனுப்பக்கூடாது, மண்மேடு போடும் வேலையும் கொடுக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் அப்படி எழுத வேண்டிவந்தது. 1542 சட்டமோ, பெருவில் பண்ணைக்காரர்கள் கலகம் செய்து, அதை அமல்படுத்த வந்த வைஸ்ராயின் தலையையே 1546-ல் வெட்டினார்கள். அதற்குள் அரசர் முக்கியமான பிரிவைத் திரும்பப் பெற்றுவிட்டார்.

மிளகாய்த்தோட்டம்:
ஒன்று சேர்க்கிறேன். 1509 முதலே பஹாமாஸ் தீவுகளின் லுகாயர்களைப் பிடித்து ஹிஸ்பானியோலாவுக்குக் கப்பலேற்றினார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தீவுகள் ஆளரவமற்றுப் போயின. பெரியம்மைக்கு ஒன்பது வருடம் முன்பே சுரங்கத்துக்கு ஆள் தட்டுப்பாடு! 1518-ல் ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக 4,000 அடிமைகளைக் கொண்டுவர அரசர் உரிமம் கொடுத்ததும் அதற்காகத்தான். ஐரோப்பாவிலும் 1347 முதல் கறுப்புச் சாவு மூன்றில் ஒரு பங்கையாவது கொன்றது. அங்கே பிழைத்தவர்களுக்குக் கூலி உயர்ந்தது, ஊர்கள் மெல்ல மீண்டன. இங்கே பிழைத்தவரைச் செத்தவரின் வேலையையும் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள்.

கடற்காகம்:
ஹிஸ்பானியோலாவை வைத்துக் கண்டம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். மெக்சிகோவில் 1520-ல் பெரியம்மை தாக்கியபோது சுரங்கமும் இல்லை, பண்ணையும் இல்லை. ஆஸ்டெக் அரசர் குயித்லாவாக் பட்டத்துக்கு வந்து மூன்று மாதத்துக்குள் அதில் இறந்தார். 1521-ல் ஆஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் விழுந்ததற்கு அதுவும், ஆஸ்டெக் ஆதிக்கத்தை வெறுத்து ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் பக்கம் நின்ற ட்லாஸ்கலா வீரர்களும் காரணம். அங்கே நோய்தான் முதலில் வந்தது. இந்த வரிசையை நான் மாற்றமாட்டேன்.

அப்புறம், இந்தத் திரியில் எல்லோரும் 'அழிந்தார்கள்' என்கிறீர்கள். போர்ட்டோ ரிக்கோ மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தாய்வழி மரபணு பூர்வகுடிகளுடையது. தங்களைத் தைனோ என்று சொல்லிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பழைய வாத்தியார்:
அது உண்மை, மெக்சிகோ வரிசையும் சரி. ஆனால் தாய்வழியில் மட்டும் அவ்வளவு மிஞ்சியிருக்கிறது, தந்தைவழியில் மிகக் குறைவு. அதற்கான காரணத்தையும் சொல்லத்தானே வேண்டும்?

மிஞ்சியவர்கள் என்றால் எனக்கு என்ரிகியோ நினைவுக்கு வருகிறார். துறவிகளிடம் படித்த தைனோ தலைவர். தன் மனைவிக்கு ஒரு பண்ணைக்காரன் செய்த கொடுமைக்கு நீதி கேட்டுப் போனார், கிடைக்கவில்லை. 1519-ல் தன் ஆட்களோடு பஹோருகோ மலைக்கு ஏறிவிட்டார். கீழே பெரியம்மை பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில் மலையில் மறைவாகப் பயிர் வைத்து, அனுப்பிய படைகளையெல்லாம் விரட்டியடித்து, 14 வருடம் தாக்குப்பிடித்தார்கள். ஆப்பிரிக்க அடிமைகளும் தப்பிவந்து சேர்ந்தார்கள். 1533-ல் அரசர் ஐந்தாம் சார்லஸ் அவருக்குக் கடிதம் எழுதிச் சமாதானம் பேசி, அவரையும் அவர் மக்களையும் சுதந்திரமானவர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.