சிசேரியன் முடிந்து மூன்றாம் நாள்: தாய்ப்பால் போதுகிறதா என்று எப்படி அறிவது?

கேள்வி: புதுத் தந்தை

என் மனைவிக்குச் சிசேரியன் மூலம் பெண் குழந்தை பிறந்து இன்று மூன்றாம் நாள். பிறந்தபோது 3.1 கிலோவாக இருந்த எடை இன்று காலை 2.9 கிலோவாகக் குறைந்திருக்கிறது. மார்பு இன்னும் மென்மையாகவே இருக்கிறது. பீய்ச்சினால் மஞ்சள் நிறத்தில் சில துளிகள்தான் வருகின்றன. நேற்று இரவு முழுவதும் மார்பிலிருந்து எடுத்தால் அழுவதும், வைத்தால் சிறிது நேரம் சப்பிவிட்டு உறங்குவதுமாகவே கழிந்தது. இதைப் பார்த்து என் அம்மா சர்க்கரைத் தண்ணீர் புகட்டி நாக்கில் தேன் தடவச் சொல்கிறார். அத்தையோ டின் பால் வாங்கி வரச் சொல்கிறார். இருவரும் அக்கறையால்தான் சொல்கிறார்கள் என்பதால் மறுத்துப் பேசவும் இயலவில்லை. நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை மூன்று முறை சிறுநீர் கழித்திருக்கிறாள். மலம் கருமையிலிருந்து பச்சைக்கு மாறியிருக்கிறது. மனைவிக்குக் காம்பில் வெடிப்பும் வலியும் உண்டு. டின் பால் கொடுத்தே ஆக வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பிரசவ வார்டில் பணியாற்றிய செவிலியர்

தம்பி, நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லிப்போன காம்பு வெடிப்புதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. மற்றவை பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குரிய இயல்பான நிலைகளே. எடை 200 கிராம் குறைந்திருப்பது ஏறத்தாழ ஆறரை சதவீதம். முதல் வாரத்தில் ஏழு சதவீதம் வரை குறைவது வழக்கமானது, பத்தை நெருங்கினால்தான் மருத்துவர் தீவிரமாகக் கவனிப்பார். சிசேரியனின்போது தாய்க்கு ஏற்றும் டிரிப்ஸில் ஒரு பகுதி குழந்தையின் உடலிலும் சேர்ந்து, பிறகு சிறுநீராக வெளியேறுவதால், பிறந்த நேரத்து எடையே சற்றுக் கூடுதலாகத் தெரிந்திருக்கவும் கூடும். மூன்றாம் நாளில் மூன்று முறை சிறுநீர், பச்சையாக மாறிய மலம் ஆகிய இரண்டும் உள்ளே பால் போகிறது என்பதற்கான அடையாளங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீரும், மஞ்சள் நிற மலமும் வர வேண்டும்.

நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் அளவு சரிவதுதான் பால் பெருகுவதற்கான முதல் தூண்டுதல். அந்தப் பெருக்கு வழக்கமாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தொடங்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் சற்றுத் தாமதமாகலாம். அதுவரை வரும் மஞ்சள் துளிகள்தான் சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி, மூன்றாம் நாளில் 15 முதல் 30 மில்லி என்ற அளவிலேயே குழந்தை குடிக்கும் என்பதால், மார்பு கனக்கவில்லை என்பதையோ இரவில் அழுதாள் என்பதையோ வைத்துப் பால் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. இரவில் விடாமல் சப்புவதே சுரப்பைக் கூட்டும். பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவு நேரத்தில்தான் கூடுதலாகச் சுரக்கிறது.

வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதே. வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, தாடை மார்பில் அழுந்தும்படி அணைத்தால், காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் கீழ்ப்பகுதி பெருமளவு வாய்க்குள் போகும். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கும். முதல் சில நொடிகளுக்குப் பின் வலி இருக்கக் கூடாது. வலி நீடித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து மீண்டும் வையுங்கள். வார்டில் இருப்பவர்களிடம் ஒரு வேளை முழுவதும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய முதல் வேலை இதுதான்.

தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் அதனால் பாட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரக்கூடும். சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பசியை மழுங்கடிக்குமே தவிர ஊட்டம் எதுவும் தராது.

மறுமொழி 2: இரண்டு பிள்ளைகளின் தாய்

செவிலியர் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தையல் உள்ள வயிற்றின் மேல் குழந்தையைக் கிடத்திப் பால் கொடுப்பது கடினம். ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். அல்லது குழந்தையின் கால்கள் தாயின் முதுகுப்புறம் நீளும்படி அக்குளின் கீழ் தலையணை மேல் வைத்துக் கொடுக்கலாம். இரண்டாவது முறையில்தான் என் மகன் சரியாகக் கவ்வினான். பால் கொடுத்து முடித்ததும் சில துளிகளைக் காம்பில் தடவி உலர விட்டால் வெடிப்பு ஆறத் தொடங்கும்.

பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். பூண்டும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் தாராளமாகச் சாப்பிடட்டும், நல்ல உணவுதான்; ஆயினும் குழந்தை சப்பாத மார்பில் அவை பாலைக் கொண்டுவந்து விடாது. இன்னொன்று, பார்க்க வருபவர்களை இரண்டு நாள் தள்ளி வரச் சொல்வது உங்கள் பொறுப்பு, சகோதரரே. அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது எந்தத் தாயும் நிம்மதியாகக் கொடுக்க முடியாது.

மறுமொழி 3: குறைமாதக் குழந்தையின் தாய்

மேலே உள்ளவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் டின் பால் என்பது குற்றம் என்ற எண்ணம் உங்கள் மனைவிக்கு வந்துவிடக் கூடாது. இரத்தச் சர்க்கரை குறைந்தாலோ, எடை பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தாலோ, மஞ்சள் காமாலையோடு குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, மருத்துவர் அளவு குறித்துக் கொடுக்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். அப்போதும் முதலில் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் (மூக்குள்ள சிறு கிண்ணம்) புகட்டிவிட்டு, குறையும் அளவுக்கு மட்டும் மற்றதைக் கொடுக்கலாம். பால் புட்டி வேண்டாம். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருந்தாலும், அந்தப் பால் குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்குமே முதலில் போகும். யாராவது இலவசமாக டின் கொடுத்தால் வாங்காதீர்கள்; 1992ஆம் ஆண்டின் சட்டப்படி தாய்மாருக்கு அப்படி மாதிரி கொடுப்பதே தடை செய்யப்பட்டது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று பிற்பகல் வார்டுச் செவிலியர் அருகிலிருந்து கவ்வும் முறையைத் திருத்தினார். வலி குறைந்திருப்பதாக மனைவி சொல்கிறார். ஒரு ஐயம்: குழந்தை நீண்ட நேரம் உறங்கினால் எழுப்ப வேண்டுமா?

மறுமொழி: செவிலியர்

எழுப்புங்கள், தம்பி. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுக்க வேண்டும் என்பதால், பிறந்த எடையை மீண்டும் எட்டும் வரை, பகலிலும் இரவிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். துணியை விலக்கிப் பாதத்தை வருடினால் விழித்துக்கொள்வாள். அப்படியும் எழுந்து குடிக்காவிட்டால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் இருந்தால், அல்லது மஞ்சள் உள்ளங்கால் வரை பரவினால், விடியும் வரை காத்திராமல் அழைத்துச் செல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆன இரண்டு நாளுக்குள் ஒரு முறை எடை பார்க்க இப்போதே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.