ஓடு மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை, பக்கத்து வீட்டுப் புளியமரம்தான் காரணமா?

கல்லிடைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. நான் சென்னையில், அம்மா மட்டும் அங்கே. முன்னால் இரண்டு கட்டும் சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. அடுக்களைக்கு மேல் மட்டும் பிற்பாடு கான்கிரீட் போட்டுத் தட்டோடு பதித்தோம். கிழக்குப் பக்கத்து வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் மும்பையில் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் புறவாசல் புளியமரத்தின் கொப்பு ஒன்று, என் தொடை கனம் இருக்கும், எங்கள் இரண்டாம் கட்டு ஓட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் அது ஓட்டை உரசுகிற சத்தத்தில் தூங்க முடியவில்லை என்கிறாள் அம்மா.

2023 டிசம்பர் 17, 18 மழையில் பட்டாசாலை முழுக்கத் தண்ணீர். அப்புறம் ஆள் வைத்து 60 ஓடு மாற்றினேன். அடுத்த மழைக்கு அதே இடத்தில், நடுச்சுவரை ஒட்டி, திரும்பவும் ஒழுகியது. இன்னொருவர் வந்து தார்ப்பாய் விரித்து மேலே செங்கல் வைத்துவிட்டுப் போனார். காற்றில் தார்ப்பாய் கிழிந்து, செங்கல் உருண்டு, நன்றாக இருந்த நாலு ஓடும் போனதுதான் மிச்சம். மரத்தையே வெட்டச் சொல்லிவிடலாமா? இல்லை, ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போடலாமா?

சேரன்மாதேவி சுப்பு:
மூட்டோடு வெட்டித் தள்ளுங்க. மரம் இருக்கிற வரைக்கும் இந்தத் தலைவலி தீராது.

கொத்தனார் மகன்:
வெட்டுவது இருக்கட்டும், முதலில் ஒன்று சொல்லுங்கள் அண்ணாச்சி. மழை விழுந்த உடனே சொட்டுகிறதா, அல்லது கால் மணி, அரை மணி நேரம் அடித்த பிறகா? உடனே சொட்டினால் உடைந்த ஓடு, நகர்ந்த ஓடு. நேரம் கழித்து, அதுவும் கனத்த மழைக்கு மட்டும் என்றால் தண்ணீர் எங்கேயோ தேங்கி நிரம்பி உள்ளே திரும்புகிறது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் சுவர் ஈரமாகவே இருந்தால் அது கைப்பிடிச் சுவர் சமாச்சாரம், அதற்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நடுச்சுவரை ஒட்டி என்கிறீர்கள். இரண்டு கட்டு வீட்டில் முன்கட்டுச் சரிவும் பின்கட்டுச் சரிவும் சேரும் கூடல்வாய் அந்தச் சுவருக்கு மேலேதானே வரும்? அங்கே யாராவது ஏறிப் பார்த்தார்களா? புளிய இலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தென்னை ஓலையோ மாவிலையோ விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், கையால் எடுத்துப் போட்டுவிடலாம். புளிய இலை நகக்கண் அளவு. ஓட்டின் பள்ளத்துக்குள் எல்லாம் போய் உட்கார்ந்து, காப்பிப் பொடிச் சக்கை மாதிரி இறுகிவிடும். சிலர் கூடல்வாயில் கொசுவலைக் கம்பி போடுகிறார்கள், அதுவும் இந்த மரத்துக்கு உதவாது. வலைக்கு மேலேயே அடை மாதிரி படிந்து, தண்ணீர் அதன்மேல் ஏறி ஓட்டுக்கு அடியில் போய்விடும். வலை இல்லாமலே இருக்கலாம்.

பாபநாசத்து அக்கா:
தம்பி, உங்கள் ஊரிலும் குரங்கு உண்டுதானே. எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஓடு உடைவதற்கு மரத்தைத் திட்டிக்கொண்டே இருந்தோம். ஒருநாள் காலையில் உட்கார்ந்து பார்த்தால், பத்துப் பன்னிரண்டு குரங்கு, வரிசையாக அந்தக் கொப்பு வழியாக வந்து, ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் தொப் தொப்பென்று குதிக்கிறது. குட்டி குதித்தால் ஓடு நகரும், கடுவன் குதித்தால் உடையும். உடைந்தது தெரிந்துவிடும், நகர்ந்தது கீழே இருந்து தெரியாது. உங்கள் ஆள் 60 ஓடு மாற்றினாரே, நகர்ந்ததைச் சரி பண்ணினாரா என்று கேளுங்கள். கொப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் பத்தடியாவது இடைவெளி விடுங்கள். அப்போதும் வரும், ஆனால் சுவர் வழியாக ஏறி நிதானமாக வரும்.

கல்லிடைக்காரன்:
கொத்தனார் மகன் கேட்டது சரியான கேள்வி. அம்மாவிடம் கேட்டேன். சாரலுக்கு ஒன்றும் இல்லையாம், ஐப்பசி கார்த்திகையில் பெரிய மழை அரை மணி நேரம் அடித்தால்தான் சுவரோரமாக இறங்குகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மச்சானை ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். ஆமாம் அக்கா, குரங்கு உண்டு. அம்மா வடாம் காயப்போடுவதை நிறுத்தியதே அதனால்தான்.

சேரன்மாதேவி சுப்பு:
நான் சொன்னதில் என்ன தப்பு? 2023 மழையில் எங்கள் தெருவில் முருங்கையும் வாகையும் சரிந்து இரண்டு வீட்டுக் கூரை போனது.

தென்காசி ரோட்டுக்காரர்:
முருங்கை, வாகை வேறு, புளி வேறு. முருங்கைக் கொப்பு சும்மாவே முறியும். வேர் நல்லபடியாக இருக்கிற புளி காற்றுக்கு அவ்வளவு எளிதில் சாயாது, சாலையோரங்களில் எத்தனை வருஷமாக நிற்கிறது பாருங்கள். பயப்பட வேண்டியது பட்ட கொப்புக்கும், மூட்டில் பொந்து விழுந்திருந்தால் அதற்கும்தான். மொட்டையடிக்கிற வேலையும் வேண்டாம். மொட்டையடித்த மரம் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தத் துளிர் தோலோடு மட்டும் ஒட்டிக்கொண்டு வளர்வதால் நாலைந்து வருஷத்தில் கனத்துப் பிய்ந்து விழும். இன்றைக்கு ஒரு கொப்புக்குப் பயப்படுகிறீர்கள், அன்றைக்குப் பத்துக்குப் பயப்பட வேண்டியிருக்கும்.

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கொப்பை எல்லைக்கோடு வரைக்கும் வெட்டலாம். அவர்கள் இடத்துக்குள் அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது, வெட்டிய கட்டையும் அவர்களுடையதுதான். மரமே விழுகிற நிலையில் இருந்தால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுக் கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152. ஆனால் இதெல்லாம் கடைசி. முதலில் மும்பைக்கு ஒரு போன் போட்டு, படம் எடுத்து அனுப்புங்கள்.

கல்லிடைக்காரன்:
மச்சான் ஏறினான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கூடல்வாயில் முழங்கை ஆழத்துக்குக் கறுப்பாகச் சகதி. மூன்று சிமெண்ட் சாக்கு நிறைய அள்ளினானாம். அதற்குள் ஒரு புளியங்கன்று வேறு முளைத்து ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. சகதிக்கு அடியில் கூடல்வாய்த் தகரம் துருப்பிடித்து சல்லடை. கொப்பு உரசுகிற இடத்தில் ஓடு உடையவில்லை, ஆனால் ஒரு வரிசை முழுக்க இரண்டு விரல்கடை கீழே இறங்கியிருக்கிறது. மாற்றிய 60 ஓட்டில் பாதி பக்கத்து ஓட்டோடு கவ்வவில்லை, விரல் நுழைகிறது என்கிறான். மும்பையில் பேசிவிட்டேன், தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். இரண்டு நிமிஷத்தில் முடிந்த பேச்சு, மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

கொத்தனார் மகன்:
கவ்வாததற்குக் காரணம் முத்திரை. சீமை ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனிப் பெயரோ குறியோ இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் தொடங்கியதைப் பார்த்து எத்தனையோ பேர் சூளை போட்டார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வரப்பும் பள்ளமும் ஆளுக்கு ஒரு அளவு. புது ஓடு வாங்காதீர்கள், வீடு இடிக்கிற இடத்தில் அதே முத்திரை ஓடு கிடைக்கும். இருக்கிற பழைய ஓட்டை எல்லாம் முன்சரிவுக்குச் சேர்த்துவிட்டு, கலந்த ஓட்டை ஒரே பக்கமாக ஒதுக்கிவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்வோம். இறவாரத்து வரிசையையும் முகட்டை ஒட்டிய வரிசையையும் ரீப்பரோடு (ஓட்டைத் தாங்குகிற மரச்சட்டம்) கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள், ஓட்டின் அடியில் அதற்கென்றே துளை விட்ட மூக்கு இருக்கும். செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்கு அது இல்லாமல் முடியாது.

கூடல்வாய்க்குப் புதுத் தகரம் போடும்போது மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் அரை அடியாவது ஏற வேண்டும். நடுவில் ஆணி அடிக்கவே கூடாது, ஓரத்தில்தான். இரண்டு பக்க ஓட்டுக்கும் நடுவில் ஒரு சாண் வாய் திறந்திருக்கட்டும், கையை விட்டு வழிக்க இடம் வேண்டும். அழகுக்காக ஓட்டை நெருக்கி வைப்பார்கள், விடாதீர்கள்.

தென்காசி ரோட்டுக்காரர்:
வெட்டுகிற ஆளிடம் இதையும் சொல்லுங்கள். தொடை கனக் கொப்பை ஒரே வெட்டாக வெட்டினால் பாதியில் முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு நேரே ஓட்டில் இறங்கும். நுனியிலிருந்து மூன்று மூன்று அடியாக, மேல்கொப்பில் கயிறு போட்டுக் கட்டி இறக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, அப்புறம் மேலிருந்து. கடைசி வெட்டு மரத்தோடு ஒட்டியும் வேண்டாம், முளை நீட்டியும் வேண்டாம், கொப்பு புறப்படுகிற இடத்தில் வீங்கின மாதிரி ஒரு வளையம் இருக்கும், அதற்கு வெளியே. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற ஒயர் பக்கத்தில் போனால் மின்வாரிய ஆளைக் கூப்பிட்டுக் கம்பத்திலேயே நிறுத்துங்கள். வீட்டு மெயினை அணைத்தால் அந்த ஒயரில் மின்சாரம் நிற்காது.

பாபநாசத்து அக்கா:
ஓட்டில் ஏறுகிறவர் நீளப் பலகை போட்டு அதன்மேல் நடக்கட்டும். பாசி பிடித்த ஓடு வழுக்கும். அம்மாவை ஏணி பிடிக்கச் சொல்லாதீர்கள்.

கல்லிடைக்காரன்:
மாசியில் முடித்துவிட்டோம். கொப்பு போயிற்று, தகரம் மாறிற்று, வைகாசிக் கடைசியில் ஒருதடவையும் புரட்டாசியில் ஒருதடவையும் கூடல்வாயை வழிக்க மச்சானுக்குக் கூலி பேசியாயிற்று. இன்னும் ஐப்பசி மழை வரவில்லை, வந்தால்தான் தெரியும். கொப்பில் இருந்த புளியை உலுக்கி, ஓடெடுத்து, மும்பைக்காரர்களுக்கு ஒரு பங்கு கட்டி வைத்திருக்கிறாள் அம்மா.

ஒரே ஒரு சந்தேகம். அடுக்களைக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று இரண்டு முளைத்திருக்கிறது. ஆசிட் ஊற்றலாம் என்கிறார்கள்.

கொத்தனார் மகன்:
ஆசிட் சிமெண்டைத்தான் தின்னும். கிள்ளி எறிந்தாலும் வேரிலிருந்து திரும்ப வரும். உளியால் பூச்சைக் கொத்தி, வேரை நுனிவரைக்கும் உருவி எடுத்துவிட்டுக் கலவை வைத்து அடையுங்கள். இரண்டும் விரல் கனம் ஆவதற்கு முன்னால், இந்த வாரமே.